வெள்ளைத் தட்டில் ஒன்றும் அசையவில்லை

கால்வாயில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். பொங்கல் முடிந்த வாரம். வெயில் இன்னும் சூடேறவில்லை. வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, கரையில் வைத்துக் குனிந்து பார்த்தேன்.

மணல் இருந்தது. இலைத் துணுக்குகள் கொஞ்சம். உடைந்த கிளிஞ்சல் ஒன்று. வேறொன்றும் இல்லை.

அவசரப்படக் கூடாது. தட்டில் கொட்டியதும் நீர்ப்பூச்சிகள் பயத்தில் செத்த மாதிரி கிடக்கும். சற்றுப் பொறுத்தால்தான் அசையும். எவ்வளவு பொறுப்பது என்பதற்கு எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஜெபமாலையில் ஒரு பத்து மணி. ‘அருள் நிறைந்த மரியே’ பத்துத் தடவை சொல்லி முடிப்பதற்குள் உயிருள்ள எதுவும் சும்மா இருக்காது. கல்லூரியில் விலங்கியல் படிக்க வந்த என் மாணவிகள் எந்த மதமானாலும் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டார்கள். கையில் வாட்ச் இருக்கும்போது இது எதற்கு மேடம் என்று ஒருத்தி கேட்டாள். நீ வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் தட்டை யார் பார்ப்பது என்றேன்.

பத்து முடிந்தது. இன்னொரு பத்தும் சொன்னேன். தட்டில் ஒன்றும் அசையவில்லை.

கரையில் அக்கா வீட்டுத் தெருப் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் வசந்தா. கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெளிநாட்டில் இருக்கும் என் அக்காவின் வீட்டுச் சாவி இவளிடம்தான் இருக்கிறது. அந்தத் தெருவில் அக்காவுக்கு நெருங்கிய சிநேகிதி.

“எப்டி கீது டீச்சரக்கா? ஷோக்கா கீதா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் மூக்கில் அந்த வாசனை ஏறியது.

தேர் வாசனை

பிளீச்சிங் பவுடர் வாசனையைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தும். ராயபுரத்தில் பிறந்த எனக்கு அது திருவிழா.

எங்கள் தெருவில் மாதா தேர் வருவதற்கு முதல் நாள் சாக்கடையை வாருவார்கள், தெருவைக் கழுவுவார்கள், இரண்டு ஓரமும் கோலமாவு போல பிளீச்சிங் பவுடரைக் கோடு இழுத்துக்கொண்டே போவார்கள். நானும் அக்காவும் புதுப் பாவாடையோடு அந்தக் கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போவோம். மாதா வருவதற்கு முன்னால் அவள் வாசனை வந்துவிடுகிறது என்று நான் நம்பியிருந்தேன். சாமந்தியும் மெழுகுவத்தியும் அதற்குப் பிறகுதான்.

வடசென்னையில் மாதாவுக்கு மட்டும் என்றில்லை. மந்திரி வந்தாலும் அதிகாரி வந்தாலும் அதே கோடுதான். தெரு ஓரத்தில் வெள்ளைப் பொடியைப் பார்த்தாலே, இன்றைக்கு யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். அந்த ஆள் போன மறுநாள் தெரு பழையபடி கலீஜாகிவிடும். அது வேறு கதை.

அன்றைக்கு அந்தக் கால்வாய்க் கரையில் பெரிய ஆள் யார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. நான்தான்.

சோப்பு நுரை

அக்கா கதைக்கு வருகிறேன். சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் என் அப்பாவின் துறைமுக வேலையைப் பற்றி எழுதியபோது அவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பெயர் பிலோமினா.

அவளைக் கல்யாணம் செய்துகொடுத்தது ரயில்வேயில் வேலை பார்த்த அந்தோணி மாமாவுக்கு. மாமா, எல்லாரையும் போல மாதா கோயிலைச் சுற்றி வீடு பார்க்காமல், மணலிக்கும் அப்பால் ஒரு கால்வாய்க் கரையில் மனை வாங்கினார். புழல் ஏரி நிரம்பினால் வழிகிற தண்ணீரை எண்ணூர் பக்கம் கொண்டுபோய்க் கடலில் சேர்க்கிற கால்வாய் அது. தெருப்பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வசந்தா என்னை உள்ளே சேர்க்க மாட்டாள்.

காட்டில் கொண்டுபோய்த் தள்ளுகிறாரே என்று அம்மா அழுதாள். ஒரு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். அக்கா கால்வாய்ப் படியில் உட்கார்ந்து தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையிலும் நுரையை அள்ளிக் காட்டினாள்.

“பாப்பா, இங்க சோப்பு நுரைக்குதுடி!”

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். எங்கள் ராயபுரம் வீட்டு அடிபம்பில் வந்தது உப்புத் தண்ணீர். எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு வழுக்குமே தவிர நுரைக்காது. குளித்துவிட்டு வந்தால் தோல் வெள்ளைவெள்ளையாகப் பூக்கும். கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, குடிக்க லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்தவர்கள் நாங்கள். வாசலிலேயே நல்ல தண்ணீர் ஓடுவது என்றால் அது அவளுக்குச் சீமாட்டி வாழ்க்கை. மாலையில் தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டு மீன் ஆய்வாள். குட்டி மீன்கள் வந்து கால் விரலைக் கொத்தும். கூச்சத்தில் சிரிப்பாள்.

பிறகு ஒவ்வொரு வருஷமாக அந்தத் தண்ணீர் நிறம் மாறியது. முதலில் டீ நிறம், அப்புறம் கறுப்பு. எங்கிருந்து என்ன வந்து கலந்தது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஜன்னலைத் திறந்தால் தலைவலி வந்தது. மாமா இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். மகன் வந்து அம்மாவைக் கனடாவுக்கு அழைத்துப் போனான். வீட்டைப் பூட்டும்போது அக்கா கால்வாய்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா அம்மா போன பிறகு, அறுபதைத் தொடப் போகிற என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அந்த ஆள் பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிறுதோறும் போனில் பேசுவோம். பேசி முடித்ததும் வீடு முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிடும். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் வேண்டும் எனக்கு. அவ்வளவுதான்.

கோபக்காரச் சம்பந்தி

போன வருஷக் கடைசியில் அக்கா மகன் அந்த வீட்டை விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தான். கன்டெய்னர் லாரி நிறுத்த இடம் தேடுகிற ஒருவர் அந்த வரிசையில் நாலைந்து மனைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டால் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிடுவார்கள்.

அந்த ஞாயிறு அக்கா என்னிடம் கேட்டாள்.

“நீதான் தண்ணிக்கு நாடி பாக்கறவளாச்சே. போய்ப் பாத்து சொல்லு. அதுல உசுரு கீதுன்னா வந்துர்றேன். இல்லன்னா கையெழுத்து போட்டுர்றேன்.”

நாடி பார்ப்பது என்று அவள் சொன்னது தப்பில்லை. ஓடுகிற தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று சொல்ல மெஷின்கள் இருக்கின்றன. அவை அந்த நிமிஷத்தைத்தான் சொல்லும். நேற்று ராத்திரி யாராவது எதையாவது திறந்துவிட்டிருந்தால் மெஷினுக்குத் தெரியாது. தண்ணீருக்குள்ளேயே குடியிருக்கிற பூச்சிகளுக்குத் தெரியும். அதனால் வலையைத் தரையோடு வைத்து, அதற்கு எதிரே நின்று காலால் அடியைக் கிளறுவேன். கல்லுக்குக் கீழே ஒளிந்திருப்பதெல்லாம் நீரோட்டத்தோடு வந்து வலையில் விழும். யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும்.

சிவப்புப் புழு மட்டும் இருந்தால் மோசம். அது எந்தச் சாக்கடையிலும் வாழும். தும்பியின் குஞ்சு, நத்தை எல்லாம் நடுத்தரம். மூன்று வாலோடு, இரண்டு பக்கமும் செவுளை விசிறிபோல ஆட்டிக்கொண்டு ஒரு பூச்சிக் குஞ்சு இருக்கும். அதைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடலாம். கல்யாண வீட்டில் சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலே கோபித்துக்கொண்டு கிளம்புகிற சம்பந்தி மாதிரி, தண்ணீரில் சின்னக் குறை என்றாலும் முதலில் வெளியேறுவது அதுதான்.

டிசம்பரில் ஒரு நாள் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரப் போனேன். மணலி ரோட்டில் லாரி வரிசையில் ஷேர் ஆட்டோ மாட்டிக்கொண்டு, போய்ச் சேரவே மதியமாகிவிட்டது. இரண்டு வருஷம் நல்ல மழை. கறுப்பு போயிருந்தது. அடி மணல் தெரிந்தது. அக்கா வீட்டுப் படிக்குக் கீழே ஒரு கல்லைப் புரட்டினேன். கல்லின் அடிப்பக்கம் மூன்று வால்காரி ஒருத்தி ஓடினாள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் ஒரு கல்லை வைத்துக்கொண்டு ஒரு கால்வாய்க்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. அக்காவோ என்னைப் பெற்றவள்போல அறிந்தவள். ஆசையில் சொல்கிறாய் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவாள். அதனால் வசந்தாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். பொங்கல் கழித்து வலையோடு வந்து முறையாகப் பார்க்கப் போகிறேன், நல்லபடியாக இருந்தால் அக்கா வந்துவிடுவாள் என்றேன். வசந்தாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் பார்க்கவில்லை.

சுண்ணாம்பு அடித்த கற்கள்

தட்டை விட்டு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தேன். வந்தபோது இருந்த அவசரத்தில் கண்ணில் படாததெல்லாம் இப்போது பட்டது.

கரையோரம் கோரைப்புல் ஒன்று இல்லை. வழித்து எடுத்திருந்தார்கள். தண்ணீருக்குள் ஒரு கல் இல்லை. எல்லாக் கற்களையும் வெளியே எடுத்து, தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, படியின் இரண்டு பக்கமும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒரு கல் வெள்ளை, ஒரு கல் காவி. பார்க்க மிக அழகாக இருந்தது.

வசந்தா பெருமையோடு விவரம் சொன்னாள். தெருவே சேர்ந்து மூன்று நாள் வேலை செய்ததாம். கடைசியாக, வெள்ளத்தின்போது தெருவுக்குக் கொடுத்து மீந்திருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டைகளைச் சின்னப் பாலத்திலிருந்து தண்ணீரிலேயே கரைத்துவிட்டார்களாம். கிருமி ஒன்றுகூட இருக்காது என்றாள்.

இருக்கவில்லைதான்.

எனக்கு வாய் நீளம் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். நீங்கள் சுண்ணாம்பு அடித்தது கல்லுக்கு இல்லை, பூச்சிகளின் வீட்டுக்கு என்றேன். அக்கா திரும்பி வர இருந்த ஒரே வழியை மூட்டையோடு கொட்டிவிட்டீர்கள் என்றேன். பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வசந்தா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

“யாராவது பாக்க வந்தா சுத்தமா வெச்சிக்கணும்னுதான எங்களுக்குத் தெரியும். அக்கா வரணும்னுதான் பண்ணோம். அவங்க போனதுலேர்ந்து எனுக்கு மட்டும் யாரு கீறாங்க?”

அவளுக்கும் எனக்கும் ஒரே நோய் என்று அப்போதுதான் உறைத்தது.

பாலத்துக்கு மேலே

பவுடரைப் பாலத்திலிருந்துதானே கொட்டினீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்றாள். பாலத்துக்கு மேல் பக்கம் யாராவது இறங்கினீர்களா? அங்கே புதர், பாம்பு இருக்கும், யாரும் போகவில்லை என்றாள்.

தண்ணீர் மேலிருந்து கீழே ஓடுகிறது. விஷம் எதிர்த்திசையில் ஏறாது. வலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வசந்தா கல்யாணப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டோடு பின்னால் வந்தாள். வேண்டாம் என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோரைக்குள் இறங்கிக் காலால் கிளறினேன். முழங்காலில் ஏற்கெனவே இருந்த வலி இடுப்புவரை ஏறியது. வலையைத் தட்டில் கவிழ்த்தேன். முதல் மரியே. இரண்டாவது மரியே. மாரியம்மன் பக்தையான வசந்தாவும் கையைக் கூப்பிக்கொண்டு தட்டையே பார்த்தாள்.

“இத்த பாரு டீச்சரக்கா. இது இன்னா, மூணு வாலு?”

அவள்தான் முதலில் பார்த்தாள். பிறகு தட்டு முழுக்க அசைய ஆரம்பித்தது. மூன்று வால்காரிகள் நாலைந்து பேர். மண்ணைப் பூசிக்கொண்டு ஒரு தும்பிக் குஞ்சு. நத்தைகள். மணல்துகளை ஒட்டிக் குட்டியாகக் கூடு கட்டி அதற்குள்ளிருந்து தலையை நீட்டும் புழு ஒன்று. சிவப்புப் புழுக்களும் இருந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு இடத்தில் வலை போட்டேன். அங்கேயும் அப்படித்தான். நூற்றுக்கு நூறு கொடுக்க முடியாது. படுக்கையிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்த நோயாளி. ஆனால் உயிரோடு இருக்கிறது.

இந்தப் பூச்சிகள் இரவில் கல்லை விட்டுவிட்டு நீரோட்டத்தோடு கீழே மிதந்து போகும், காலி இடம் கிடைத்தால் குடியேறும் என்று வசந்தாவிடம் சொன்னேன். சுண்ணாம்பு படாத கற்களாகப் பார்த்துத் தண்ணீரில் போடுங்கள், புல்லைத் தொடாதீர்கள், சில வாரத்தில் அக்கா வீட்டுப் படிக்கே வந்துவிடும் என்றேன். அப்படியென்றால் அக்கா வருவார்களா என்று கேட்டாள். வருவாள் என்றேன். இரண்டு பேரும் சேற்றோடு சேற்றாகக் கட்டிக்கொண்டோம். அழுதோமா சிரித்தோமா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

சாயங்காலம் போன் வந்தது. அங்கே அது காலை. கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கூப்பிடுவது அவள் வழக்கம்.

நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்த இடத்தில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. பிறகு பாலத்துக்கு மேலே போனதைச் சொன்னேன். உசுரு கீதுக்கா, நான் என் கண்ணால பாத்தேன் என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

“வெள்ளிக்கெழமையே கையெழுத்து போட்டு அனுப்சிட்டேன்டி பாப்பா.”

எனக்கு முதலில் அந்த வார்த்தை உள்ளே போகவில்லை. அப்புறம் எதற்கு என்னைப் பார்க்கச் சொன்னாய் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவள் மெதுவாகச் சொன்னாள். மழைக்காலத்திலேயே இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நான் கவலைப்படுவேன் என்று மறைத்திருக்கிறாள். இரண்டு பேர் பிடித்தால்தான் மாடிப்படி ஏற முடிகிறதாம். விமானத்தில் அவ்வளவு நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வருவதற்கு வழியே இல்லை என்பது என்னிடம் கேட்டபோதே அவளுக்குத் தெரியும்.

“செத்துப்போச்சுக்கான்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன். அப்டி சொல்லியிருந்தா, போனா போவுதுன்னு இருந்திருப்பேன்டி.”

பாலத்தைத் தாண்டாமல் நான் திரும்பி வந்திருந்தால், தட்டில் ஒன்றும் அசையவில்லை என்ற வார்த்தையைப் பொய்யில்லாமல் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது. அவள்மீது, அவள் மகன்மீது, டாக்டர்மீது, அந்த மூன்று வால் பூச்சிமீதுகூட வந்தது. இரண்டு ஊரிலும் இரண்டு கிழவிகள் போனைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

தட்டில் என்னென்ன இருந்தது என்று கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்.

சொன்னேன். மூன்று வால்காரிகளைச் சொன்னேன், செவுள் ஆடுகிற விதத்தைச் சொன்னேன். தும்பிக் குஞ்சு கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்ததைச் சொன்னேன். நத்தை, மணல் கூட்டுப் புழு, அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு குளிர்ச்சி என்பதையெல்லாம் சொன்னேன். அங்கே அவள் மருமகள், கோயிலுக்கு நேரமாகிறது, காரில் ஏறுங்கள் என்று கூப்பிடுவது கேட்டது.

“இன்னொரு தபா சொல்லுடி பாப்பா,” என்றாள் அக்கா. “மொதல்லேர்ந்து சொல்லு.”